நாமம் நீர் அறிவீர்

அறுபத்தெட்டாம் வருஷம் நான் கிழக்குத் தாம்பரத்தில் லாசரஸ் சார் வீட்டில் ஒண்டுக் குடித்தனம் இருந்தேன். குடித்தனம் என்று சொல்லக் குடும்பம் ஏதுமில்லை. நான், ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். தங்கள் கூடத்தைத் தடுத்து எனக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். தடுப்புச் சுவர் ஒற்றைச் செங்கல் கனம். அதுவும் ஓடு வரைக்கும் போகாமல் ஒரு முழம் குறைவாக நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும்.

எழும்பூரில் ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸில் எனக்கு ராத்திரி டூட்டி. காலை ஏழு மணி வண்டியில் வந்து இறங்கி, கிணற்றில் நாலு வாளி இறைத்துக் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். தூங்கினேன் என்று முழுசாகச் சொல்ல முடியாது. பகல் தூக்கத்தில் பாதி விழிப்பு. ஓட்டுச் சந்தில் நுழைந்த வெயில் தரையில் நகர்வது கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். யார்டில் என்ஜின் பெருமூச்சு விடுவது, மாடம்பாக்கம் பக்கமிருந்து விறகு வண்டி வருவது, சேலையூர் ஏரிக் காற்றில் பனையோலை உரசுவது, எல்லாம் கனவுக்குள்ளே வந்து சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும். எது நடந்தது, எது கண்டது என்று பிரிக்கத் தெரியாமலே சில வருஷங்களை ஓட்டியிருக்கிறேன்.

அந்தக் கனவுகளில் புதன்கிழமைக் கனவுக்குத் தனி அந்தஸ்து உண்டு. புதன்கிழமை நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஜெபக் கூட்டம். நடத்துகிறவர் லாசரஸ் சாரின் மனைவி ரத்தினபாய் அக்கா.

லாசரஸ் சார் மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பிள்ளை கிடையாது. தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சித் தூக்கோடு முதலில் போய் நிற்பது அவர்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நான் ஐயங்கார்ப் பையன் என்று பார்த்து, புதுப்பானை வாங்கி, அதில் தனியாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அவரைப் போல நல்ல மனுஷி அந்தக் கிழக்குத் தாம்பரத்தில் இல்லை என்று அப்போது சொல்வேன், இப்போதும் சொல்வேன்.

அவருக்கு ஜெபம் பண்ணும் வரம் இருக்கிறது என்று சபையில் எல்லாரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். கீர்த்தனை பாடி, வேதம் வாசித்து முடித்ததும் பெண்கள் ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். அதையெல்லாம் சேர்த்து அக்கா ஜெபிப்பார். குரல் மெல்ல ஆரம்பிக்கும். பிறகு தளும்பும். எனக்கு அது தாலாட்டு மாதிரி இருக்கும்.

"கிருபையுள்ள பிதாவே, ஒரு குடும்பத்தை உம்முடைய பாதத்தில் வைக்கிறேன். நாமம் நீர் அறிவீர். கிணற்றுக்கு எதிர்த்த வீடு. மகன் மறுபடியும் கணக்கில் தவறிவிட்டான், ஆண்டவரே. தகப்பனுக்கு இன்னும் சொல்லவில்லை. மார்க் ஷீட்டை அரிசிப் பானைக்குள்ளே வைத்திருக்கிறார்கள். அதையும் நீர் பார்க்கிறீர்."

"ஆமென்" என்பார்கள் பத்துப் பன்னிரண்டு பேர். யார் பெயரையும் அக்கா சொன்னதில்லை. நாமம் நீர் அறிவீர் என்று விட்டுவிடுவார். கடவுள் அறிவாரோ என்னவோ, பாயில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரும் அறிவார்கள். தினசரிப் பத்திரிகை படிக்காத எனக்கு இந்தத் தெருவின் சங்கதி ஒன்று விடாமல் தெரிந்திருந்தது என்றால், அது இந்த வழியாகத்தான்.

லாசரஸ் சாருக்கு ஒரு தங்கை உண்டு, ஞானசௌந்தரி. இரண்டு வயதில் தாயை இழந்த பெண். பெருங்களத்தூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இருபத்தெட்டு முடிந்திருந்தது. வந்த வரன் எல்லாம் வயதைக் கேட்டதும் திரும்பிப் போய்க்கொண்டிருந்த வேளையில் குரோம்பேட்டையிலிருந்து அசரியா வந்தான். மவுண்ட் ரோடில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். அம்மா அப்பா இல்லை. அவனுக்கு அக்கா தபீதாள்தான் எல்லாம். அந்தத் தபீதாளின் வீட்டுக்காரர் என் ஆபீஸில் பகல் டூட்டி. நான் உள்ளே போகும்போது அவர் வெளியே வருவார்.

தை மாசம் கல்யாணம் குறித்தாயிற்று. அவர்களில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் செய்ய எண்ணியிருக்கிறது, இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் எழுந்து நின்று வாசிப்பார். அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்பார்கள், பாதிரியாரை ஐயர் என்பார்கள். முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்த ஞாயிறு மத்தியானமே அக்கா அடுப்பில் இருப்புச்சட்டியை ஏற்றிவிட்டார். பாசிப்பயறை வறுத்து இடித்து, வெல்லப்பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து. மூன்று நாள் வீடு முழுக்க வெல்லவாசம். ஞானசௌந்தரி பள்ளிக்கூடம் விட்டு வந்து மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உருண்டை பிடிப்பாள். என் கனவுகளே அந்த நாளில் தித்திப்பாக இருந்தன.

புதன்கிழமை. மார்கழிப் பனி மிச்சமிருந்த மாதிரி மத்தியானம்கூடக் குளிர்ந்தது. போர்வைக்குள் சுருண்டிருந்தேன். அந்தப் பக்கம் அக்காவின் குரல் எழும்பியது. ஸ்தோத்திர ஜெபம்.

"உமக்கு என்னத்தைச் செலுத்துவேன், ஆண்டவரே. ஒன்பது வருஷத்துக்கு முன்னே இந்தப் பிள்ளை எட்டு மாசம் க்ஷயரோகத்தோடு சானடோரியம் கட்டிலில் கிடந்தாளே. எக்ஸ்ரே படத்தில் இடது பக்கம் முழுக்க வெள்ளை பாய்ந்திருக்கிறது என்று டாக்டர் தலையை ஆட்டினாரே. ரத்தம் ரத்தமாகத் துப்பினாளே. மனுஷருக்கு மறைத்தோம். உமக்கு மறைக்க முடியுமா? அவளை நீர் எழுப்பினீர். இன்றைக்கு மணவாட்டியாக நிறுத்தியிருக்கிறீர்."

குரல் உடைந்தது. பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அக்கா நிஜமாகவே அழுதார். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. நான் பாதித் தூக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டிலையும் அதில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பதையும் கண்டேன். எழுந்து ஷேவ் பண்ணும்போது கனவு என்றே நினைத்தேன். எங்கள் தெருவில் தன் தங்கை வீட்டுக்கு விருந்து வந்த ஒரு குரோம்பேட்டை அம்மாளும் அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தபீதாள் வந்தாள். சுவருக்கு மேலே எல்லாம் கேட்டது.

"காப்பி வேண்டாம்க்கா. சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். ஐம்பத்தொன்பதுல தங்கச்சி எங்க இருந்தா?"

"நாசரேத்துல, அத்தை வீட்டுல. அப்பவே சொன்னேனே" என்றார் லாசரஸ் சார்.

"சானடோரியத்துல இல்லையா?"

யார்டில் வண்டி கோக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வியாதி யாருக்கும் வரும் சார். எங்கப்பாவே இருமி இருமித்தான் போனாரு. நான் அதுக்குப் பயப்படல. நேருக்கு நேரா மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான் பயப்படறேன். இன்னும் என்னென்னத்த இல்லைன்னு சொல்லியிருக்கீங்களோ, எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"யார் சொன்னா என்ன சார். நாளைக்கு ரெண்டாம் ஓலை வேண்டாம்னு ஐயர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்."

அவள் போன பிறகு லாசரஸ் சாரின் செருப்பு என் வாசலில் நின்றது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் அக்கா, கையில் கரண்டி மறந்துபோய் அப்படியே இருந்தது.

"தோத்தாத்ரி, தபீதாள் வீட்டுக்காரரும் உங்க ஆபீஸ்தானே?"

"ஆமாம் சார்."

"டூட்டி மாத்தறப்ப பேசிக்குவீங்க."

"வண்டி எவ்வளவு லேட்டுன்னு பேசிப்போம் சார். வேற ஒண்ணும் கிடையாது."

"ஞானம் சானடோரியத்துல இருந்த விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

அப்போதுதான் அது கனவில்லை என்று எனக்கு உறைத்தது. தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்பார். உங்கள் சம்சாரம் சொன்னார் என்று, கையில் கரண்டியோடு நிற்கிற அந்த அம்மாள் எதிரில் எப்படிச் சொல்வது? "தெரியாது சார்" என்றேன். என் கண் என்னைக் கேட்காமல் அந்தச் சுவர்ப் பக்கம் போய்விட்டு வந்தது. எனக்குப் பொய் ஒட்டாது.

"மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க" என்றார் லாசரஸ் சார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வருத்தம்தான் இருந்தது, கஞ்சி கொடுத்த கையின் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலை வாசிக்கவில்லை. திங்கட்கிழமை காலை பால்காரர் துளசிங்கம் படப்பை ரோடு வரைக்கும் அந்தச் சேதியை ஊற்றிவிட்டு வந்திருந்தார்.

"இன்னா சாரே, டீச்சரம்மாக்கு ஓல நின்னுபூட்ச்சாமே? நெஞ்சு நோவுன்றாங்க. நீதான் போய் வத்தி வச்சியாமே?"

"யாருய்யா சொன்னா?"

"யார் சொல்லணும்? ஊரே சொல்லிகினு கீது. எனக்கு இன்னா பேஜார்னா, அந்தப் பொண்ணு வூட்ல பால் வாங்க வெளியவே வர்ல. அந்த அண்ணிகாரம்மா சொம்ப நீட்டிட்டு அப்டியே உள்ள பூடுது. ஒரு வாரம் முன்ன நின்னு பேசிகினு இருந்த அம்மா."

முந்திரிக்கொத்து வாசம் நின்றுவிட்டது. பொரித்ததையெல்லாம் டின்னில் போட்டு மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டார்கள். ஞானசௌந்தரி மட்டும் வழக்கம் போலக் குடையோடு பள்ளிக்கூடம் போய் வந்தாள். காலைப் பனியில் அவள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசற்படிகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவள் இருமினாளா என்று பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

மறு புதன்கிழமை. பாய் விரிக்கும் சத்தம் கேட்கும்போதே நான் முழித்துக்கொண்டிருந்தேன். அன்று கூட்டம் அதிகம், வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். அக்கா அன்று காலையிலிருந்து உபவாசம். குரல் கரகரத்து ஆரம்பித்தது.

"எங்கள் கண்ணீரை நீர் பார்க்கிறீர், ஆண்டவரே. ஒரு பெண் பிள்ளையின் வாழ்வைக் கெடுத்த நாவை நீர் பார்க்கிறீர். எங்கள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். நாமம் நீர் அறிவீர்."

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"அந்த நாவை நீர் கட்டும். ஒன்பது வருஷம் நாங்கள் ஒருவரிடமும் வாய் திறக்காத காரியம், ஆண்டவரே. கூடப் பிறந்தவர்களிடம் சொன்னோமா? சபையாரிடம் சொன்னோமா? உம்மிடத்தில் மாத்திரம், உம்முடைய சமுகத்தில் மாத்திரம், போன புதன்கிழமை இதே பாயில் உட்கார்ந்து, உமக்கு மாத்திரம்..."

குரல் நின்றது.

நான் வாழ்க்கையில் எத்தனையோ நிசப்தம் கேட்டிருக்கிறேன். ராத்திரி ஆபீஸில் கருவிகள் எல்லாம் ஓய்ந்து ஒரு கணம் வரும். இது அந்த மாதிரி இல்லை. பதினைந்து பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும். போன வாரமே தெரியும். யாரோ ஒரு பெண் நிலைமையைச் சமாளிக்கக் கீர்த்தனை ஒன்றை எடுத்தாள். கூடச் சேர ஆளில்லாமல் இரண்டாவது அடியில் விட்டுவிட்டாள். ஒவ்வொருவராக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து என் கதவு தட்டப்பட்டது.

"தம்பி" என்றார் அக்கா. "போன வாரம் நான் ஜெபம் பண்ணது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுது அக்கா."

"சானடோரியம், எக்ஸ்ரே, எல்லாமா?"

"எல்லாம்."

"அதுக்கு முந்தி?"

"மூணு வருஷமா கேக்கறேன்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "என்னென்ன கேட்டீங்க? சொல்லுங்க."

"வேண்டாம் அக்கா."

"சொல்லுங்க தம்பி. என் வாயால வந்தத என் காதால ஒரு தரம் கேக்கணும்."

சொன்னேன். அரிசிப் பானைக்குள் வைத்த மார்க் ஷீட். போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் கோபித்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய் இருபது நாள் இருந்தது. பொழிச்சலூர் டீச்சரைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் போடாதது, ஏன் போடவில்லை என்பது. மூன்றாவது வீட்டுக்காரர் வைகுண்ட ஏகாதசியன்று மிலிட்டரி சாராயம் வாங்கி வந்தது. நான் சொல்லச் சொல்ல அக்கா அப்படியே சறுக்கிப் படியில் உட்கார்ந்தார். நிறுத்தினேன்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"சார் கேட்டப்ப ஏன் இத சொல்லல? உங்க பேருதானே கெட்டுது?"

"சொன்னா நான் உங்களைக் கோள் சொன்ன மாதிரி ஆயிடும்னு தோணித்து. தவிர, நானும் யோக்கியன் இல்லை அக்கா. புதன்கிழமைன்னா மூணே முக்காலுக்கே முழிச்சுப்பேன்."

அக்கா சிரிக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா தம்பி. அழுகை வரும். நெசமான அழுகை. அந்தந்தப் பிள்ளைய நெனச்சாலே நெஞ்சு வலிக்கும். ஆனா சொல்றப்ப ஒரு ருசி இருக்கும். எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, கண்ணு மூடியிருந்தாலும் எனக்குத் தெரியும். நாக்குல நெய் தடவின மாதிரி இருக்கும். அது ஜெபத்தோட ருசின்னு நெனச்சுட்டேன். பதினஞ்சு வருஷமா."

"நீங்க வேணும்னு செய்யல அக்கா."

"இருங்க. நாமம் நீர் அறிவீர்னு நானே சொல்றேன். அவருக்குத்தான் தெரியுமே. அப்புறம் கிணத்துக்கு எதிர்த்த வீடுன்னு யாருக்கு அடையாளம் சொன்னேன்? ஆண்டவருக்கு வழி தெரியாதா?"

வெயில் மஞ்சளாகி முற்றத்தில் விழுந்திருந்தது. "குடிகாரங்களுக்காக எவ்வளவு உருகி ஜெபம் பண்ணியிருக்கேன்" என்றார். "குடிக்கிறது அவங்களுக்காவது தெரியும்."

ஐந்து மணிக்கு ஞானசௌந்தரி வந்தாள். நான் ஆபீசுக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கிணறு. அவள் முகம் கழுவ வாளியை இறக்கும்போது அக்கா பக்கத்தில் போய் நின்று, ஒரு வார்த்தை பூசாமல் சொல்லிவிட்டார். தோத்தாத்ரி இல்லை, நான்தான், போன புதன்கிழமை ஜெபத்தில் சொன்னேன் என்று.

ஞானசௌந்தரி கயிற்றை விடவில்லை. வாளியை மேலே இழுத்தாள். தொட்டியில் ஊற்றினாள். மறுபடி இறக்கினாள்.

"தெரியும் அண்ணி. போன வாரம் வந்தவங்கள்ல ஒருத்தரோட மருமக என் ஸ்கூல்லதான் வேலை பாக்கறாங்க. வியாழக்கிழமையே வந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாங்க."

"தெரிஞ்சும் ஏன் நீ..."

"நான் கட்டிக்கப்போறவர்கிட்ட சொல்லத்தான் இருந்தேன். ஓலை போறதுக்கு முந்தியே சொல்லணும்னு அண்ணன்கிட்ட கெஞ்சினேன். வேணாம்னுட்டாரு. சரி, மூணாவது ஓலைக்குள்ள நானே சொல்லிடலாம்னு வார்த்தைய சேத்து வச்சுக்கிட்டு இருந்தேன். பஸ்ல போறப்ப, வர்றப்ப. முதல்ல எத சொல்லணும், எத கடைசில சொல்லணும்னு. சொல்லி முடிச்சதும் அவர் முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும்னு இருந்தேன். அத எனக்கு இல்லாமப் பண்ணிட்டீங்க. எனக்குக் குணமானது போய்ச் சேரல, வியாதி மட்டும் போய்ச் சேந்துடுச்சு."

"என்னை மன்னிச்சுடு ஞானம்."

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யா இருக்கும். இந்த வீட்டுல அது ஒண்ணு போதும்."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்கா கிணற்றடியிலேயே நின்றார்.

மறுநாள் லாசரஸ் சார் வந்து, மாசக் கடைசி என்று சொன்னதை மறந்துவிடச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் குரோம்பேட்டைக்குப் போய், தான் சொன்னது பொய் என்று தபீதாளிடம் ஒப்புக்கொண்டு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. காப்பி கொடுத்தார்கள் என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்.

அக்கா என்ன செய்தார் என்றால், எழுந்து சபையில் சாட்சி சொல்லிவிட வேண்டும் என்று தவித்தார். ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னிலும் அழுது அறிக்கை செய்துவிட்டால் பாரம் இறங்கும் என்று ஐயர் சுவிசேஷமுத்துவிடமே போய்க் கேட்டார். பிறகு அக்காவே என்னிடம் சொன்ன சங்கதி இது. ஐயர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சொல்லணும்னா மறுபடியும் ஞானத்தோட கதையத்தானேம்மா சொல்லணும்?" என்றாராம். அக்காவுக்கு அதுதான் அடி. பேசிக் கெடுத்ததைப் பேசியே சரிபண்ணவும் வழியில்லை. அதன் பிறகு தினமும் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத வேளையில் முழங்காலில் நிற்பார். சுவருக்கு மேலே ஒரு வார்த்தையும் வராது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டுதான் நிற்பார் என்று நினைக்கிறேன், சில நாள் முனகல் மட்டும் கேட்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் ஆறு மணி வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஞானசௌந்தரி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அசரியா. அவள் மடியில் ஒரு பெரிய பழுப்பு உறை. அதிலிருந்து கறுப்பாக ஒரு தகட்டை உருவி, தலைக்கு மேலே தூக்கி, மேற்கே விழுந்துகொண்டிருந்த சூரியனுக்கு நேராகப் பிடித்தாள். எக்ஸ்ரே படம். அவளுடைய விலா எலும்பெல்லாம் சிவப்பு வெளிச்சத்தில் தெரிந்தது. விரலால் ஓரிடம் காட்டினாள். பிறகு இன்னொரு படத்தை எடுத்தாள், புதியது போலிருக்கிறது, அதையும் தூக்கினாள். அசரியா கழுத்தை நீட்டிப் பார்த்தான். அவன் ஏதோ கேட்டான், அவள் சொன்னாள். வண்டி வந்து, நின்று, அவர்களை மறைத்துப் புறப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது படத்தின் ஒரு முனையை அவனும் பிடித்துக்கொண்டிருந்தான். காற்றில் அது வளையாமல் இருக்கத்தான்.

ஆபீஸ் வாசலில் தபீதாளின் வீட்டுக்காரர் எதிரே வந்தார். "என்னப்பா, உங்க வீட்டுல என்ன நிலவரம்?" என்றார். என் நாக்கில் அந்தச் சிவப்பு வெளிச்சம் முழுக்க இருந்தது. சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரிந்தது. அக்கா சொன்ன நெய் ருசி எனக்கும் அப்போது புரிந்தது. "வண்டி பத்து நிமிஷம் லேட்டு சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். ஆனாலும் ஞானசௌந்தரி அக்காவோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

புதன்கிழமை மூன்றரை மணிக்கே என் கதவு தட்டப்பட்டது. ஞானசௌந்தரி. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணா, தூங்கறீங்களா?"

"இல்லம்மா. ஸ்டேஷனுக்குக் கிளம்பறேன். இனிமே புதன்கிழமை சீக்கிரமே போயிடறேன்."

"இன்னிக்கு மட்டும் இருங்க" என்றாள். "இன்னிக்குக் கேக்கலாம்."

இருந்தேன். சட்டையைப் போட்டுக்கொண்டு, பாயைச் சுருட்டிவிட்டு, மரியாதையாக டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ருசி போய்விட்டது என்று மற்றவர்கள் நின்றுவிட்டார்கள் போல. கீர்த்தனை பாடினார்கள். வேதம் வாசித்தார்கள். ஜெபம் என்றதும் எல்லாரும் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள். அக்கா வாய் திறக்கவில்லை. அவர் மூச்சு மட்டும் ஏறி இறங்குவது கேட்டது. ஓர் அம்மாள் தாங்காமல், "கல்யாணத்துக்காகவாவது ரெண்டு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள்.

"அது ஞானத்தோட காரியம்" என்றார் அக்கா.

அப்போது ஞானசௌந்தரியின் குரல் வந்தது. அந்தக் கூட்டத்தில் அது வரைக்கும் கேட்காத குரல்.

"ஆண்டவரே, எனக்கு அண்ணி மாதிரி ஜெபம் பண்ண வராது. நான் எட்டு மாசம் சானடோரியத்துல இருந்தேன். பொம்பளைங்க வார்டு, ஜன்னலோரக் கட்டில். ரயில் போறது கேக்கும். பக்கத்துக் கட்டில்ல எலிசான்னு ஒரு பொண்ணு இருந்தா, ஒரு நாள் காலையில பாத்தா கட்டில் காலியா இருந்துச்சு. அதுக்கப்புறம் நான் சாப்பிடறத விட்டுட்டேன். எனக்கு வாழ வேணாம்னு இருந்துச்சு. வார்டுக்கு வந்தவங்க எல்லாரும் வாசல்லயே நின்னு, மூக்க மூடிக்கிட்டு, அவங்கவங்க ஆளப் பாத்துட்டுப் போவாங்க. அண்ணி மட்டும் உள்ள வருவாங்க. அப்ப நாங்க குடியிருந்த கடப்பேரியிலேருந்து வெயில்ல நடந்து வருவாங்க. என் கட்டில்லயே உக்காந்து, என் தட்டுலயே ஒரு வாய் அவங்க சாப்பிட்டுட்டு, இப்ப நீ ஒரு வாய்னு சொல்லுவாங்க. நர்சம்மா சத்தம் போட்டும் கேக்கல. தினமும். எட்டு மாசமும். எனக்கு ஊசி குடுத்தது டாக்டர். பசி குடுத்தது அண்ணி."

நடுவில் கொஞ்சம் நிறுத்தினாள்.

"இத அவர்கிட்ட சொன்னேன், ஆண்டவரே. படத்தக் காட்டிட்டு, இதத்தான் கடைசியா சொன்னேன். அண்ணிமேல எனக்குக் கோபம் இருக்கு. பாதி போயிடுச்சு. மீதிய நீர் எடுத்துக்கிட்டீர்னா நல்லா இருக்கும். ஆமென்."

ஆறு பேரும் ஆமென் சொன்னார்கள். ஏழாவது ஆமென் வரவில்லை. நான் பெட்டிமேல் உட்கார்ந்தபடி அதற்காகக் காத்திருந்தேன். வளையல் சத்தம் கேட்டது, பாய் சரசரத்தது, யாரோ யாரிடமோ நகர்ந்து போகிற சத்தம். பிறகு ரத்தினபாய் அக்கா அழுதார். மூன்று வருஷமாக நான் கேட்டுப் பழகிய அழுகை இல்லை அது. வார்த்தையே இல்லாமல், ஒருத்தி தோளில் வாயைப் புதைத்துக்கொண்டு அழுகிற அழுகை. அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.